நடந்தால் ஆடும் மலை

“வாய மோந்து பாரு புள்ள” என்றார் கிருபாகரன் மாமா.

அம்மா பாதையோரத் தண்ணிக் கானுக்குள் ஒரு காலும் தேயிலைச் செடிமேல் ஒரு காலுமாகக் கிடந்தாள். முழங்கையில் இரத்தம். சேலை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அதை இழுத்துவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மேலே பாதையில், மரச்சிலுவையைத் தோளில் வைத்திருந்த பையன்கள் அதை இறக்குவதா, தூக்கிக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் முழித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் மேல்பிரிவுச் சனம் முழுவதும் நின்றது. எல்லாருடைய போன் டோர்ச்சும் அம்மாவின் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

“நீ மக. நீ பாத்தா தப்பில்ல. பாத்துட்டு இல்லன்னா இல்லன்னு சொல்லு. பேச்சு இத்தோட நின்னுரும்.”

நான் குனிந்து அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன்.

வெறும் வயிற்றின் புளிப்பு. தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் காலையிலிருந்து பாலில்லாத சாயத்தண்ணியைத் தவிர அம்மா எதுவும் தொடவில்லை. வேறு எந்த வாசமும் இல்லை. அப்பா குடித்த காலத்தில் அவரைத் தாண்டித்தான் நான் படுக்கப் போவேன். கசிப்பு எப்படி மணக்கும் என்று என் மூக்குக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசையாமல் கிடந்ததால் அவள் பார்வையும் அசையாமல் என்மேல் நின்றது.

“என்னா புள்ள, அடிக்குதா?”

பின்னால் என் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

“தெரியல மாமா” என்றேன்.

இல்லை என்று சொல்ல அவ்வளவு நேரமா ஆகும்? ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். குடி இல்லையென்றால் வேறு என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பைத்தியமா? பேயா? குடி என்றாலாவது எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. இப்படியெல்லாம் இப்போது காரணம் சொல்கிறேன். அப்போது எனக்கு இருந்தது ஒன்றுதான்: அந்த வெளிச்சங்கள் என்மேல் விழாமல் இருக்க வேண்டும்.

கிருபாகரன் மாமா பெருமூச்சு விட்டார். “தெரியலன்னா என்னா அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும்” என்று யாரோ சொன்னார்கள். அம்மா தானே எழும்பினாள், தானே சேலையை இழுத்துவிட்டாள், புத்தகத்தைத் தேடி எடுத்தாள். சிலுவைப்பாதை வாசகங்களை எங்கள் மாதா கோயிலில் வருஷா வருஷம் அம்மாதான் வாசிப்பாள். அன்று மிச்ச ஸ்தலங்களுக்கு ரொஷானி அத்தை வாசித்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

*

அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள். அப்பா வெளித் திண்ணையில், இஸ்தோப்பில் படுத்திருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை கழிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. சொல்ல ஆள் இல்லை, அதனால் இப்படிச் சொல்கிறேன். என் பேர் கேஷானி. இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதப்போகிறேன். அம்மா றோசாலி, கொழுந்து எடுக்கிறவள். அப்பா யேசுரத்தினம், தொழிற்சாலையில் விறகு தள்ளுகிறவர். எங்கள் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிறது. பஸ் கீழே ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு எல்லாம் ஏற்றம்தான்.

கிருபாகரன் மாமா கோயில் மூப்பர். அவரேதான் மலையில் கங்காணியும். அன்று இரவு கோயிலிலிருந்து இறங்கும்போது அவர் எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“றோசாலி, நான் சண்டைக்கு வரல. நீ எத்தன வருசமா எங்கிட்ட வேல செய்யிற, ஒரு நாள் ஒன்ன ஏசியிருக்கேனா? ஆனா வெறியோட மலைக்கி ஏறி நீ உருண்டின்னா தொரை என்னயத்தான் கேப்பாரு. பெரட்டுல உன் பேர கூப்புட மாட்டேன். ஒரு வாரம் யோசிச்சிட்டு அடுத்த ஞாயித்துக்கெழம கோயில்ல முடிச்சிரு. திங்கக்கெழம வா. சாக்க எடு, மலைக்கி போ.”

“நான் குடிக்கல கங்காணி.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.” அவர் அப்பாவைப் பார்த்தார். “இவரு சொல்லாததா?”

அப்பா தலையைச் சொறிந்தார்.

பெரட்டு என்பது விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அங்கே பேர் கூப்பிடவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். கோயிலில் முடிப்பது என்றால் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலத்து ஞாயிறுகளில், குடிக்கிறவர்கள் எழும்பிப் போய்ப் பீடத்தின் சிலுவைமேல் கை வைத்து, “நான் குடிச்சேன், இனிமே தொட மாட்டேன்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவரைக் குடிகாரன் என்று யார் சொன்னாலும், சொன்னவர் கோயிலுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி கொடுக்க வேண்டும். கங்காணியும் மறுபேச்சு இல்லாமல் வேலைக்கு எடுத்துக்கொள்வார். அப்பா இப்படிப் பல தவக்காலம் குடியை விட்டிருக்கிறார். கடைசித் தடவைதான் நிஜமாக விட்டது. இதுவரைக்கும் சிலுவையைத் தொட்டதெல்லாம் ஆம்பிளைகள். ஒரு பொம்பளை போனதில்லை.

*

அன்றிலிருந்து அப்பா அம்மாவிடம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், செத்துப்போகலாம் போலவும் இருக்கும். ஏசவில்லை, அடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அம்மாவுக்கு அவர் ஒரு பிளேன்டீகூட ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இப்போது எலுமிச்சங்காயை இரண்டாக வெட்டி, உப்புத் தொட்டு, அம்மாவின் கையில் வைத்தார்.

“சப்பு. அந்திக்குத்தான் ஆச வரும். எனக்குத் தெரியாததா? நாக்கு இழுக்கும், கை நடுங்கும். அந்த நேரம் இத சப்பிட்டு வேற எதையாச்சும் நெனைக்கணும்.”

“எனக்கு எந்த ஆசையுமில்லீங்க.”

“நானும் இப்பிடித்தான் சொல்லுவேன்.”

அம்மா அந்த எலுமிச்சங்காயைச் சப்பினாள். வாயெல்லாம் கோணிக்கொண்டு போனது. அப்பா பக்கத்தில் குந்தியிருந்து, பாடம் முடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எங்க வாங்குற, அத மட்டும் சொல்லு. அந்த சுருட்டத் தலையன்கிட்டயா? அவன் தண்ணி கலப்பான்.”

அம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது.

*

இது தொடங்கியது அட்டைக் கடியில். மழை நேரத்து அட்டை கடித்த இடத்தை அம்மா சொறிந்து, புண்ணாகி, கால் வீங்கி, நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாள் கணக்காக ஊசி போட்டார்கள். பிழைக்க மாட்டாள் என்று அங்கே சொன்னதால்தான் அப்பா கோயிலில் பூசை வைத்தார். பிழைத்து வந்தாள். வந்தபோது மெலிந்திருந்தாள், தள்ளாடினாள். படுத்துக் கிடந்த பலவீனம் என்று நினைத்தோம். உடம்பு தேறிய பிறகும் தள்ளாட்டம் போகவில்லை.

பகலில், சமதரையில், சுவரோரம் நடந்தால் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டால், பாதை ஈரமாக இருந்தால், கால்களை அகட்டி வைத்து வாத்து மாதிரி நடப்பாள். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் சிரிக்க மாட்டாள், பேச மாட்டாள். ரொஷானி அத்தை அதைத்தான் முதலில் பிடித்தாள். அவளும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவர்கள்.

“உங்கம்மாவுக்கு என்னாடி, தலக்கனமா? நேத்து தண்ணி புடிக்கிற பீலிக்கிட்ட மூஞ்சிக்கு நேரா நின்னு ‘என்னா அக்கா’ன்னு கேட்டேன். என்னய கண்டுக்காம போவுது. மலையில கழுத்தக்கூட திருப்புறதில்ல. எலச்சாக்குக்கு ராணி மாதிரி நிக்கிது. கொழுந்துல பாதி முத்தல். கணக்கப்புள்ள கிளறிப் பாத்துட்டு ஏசுனாரு, கேட்டுட்டு நிக்கிது.”

வீட்டில் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பாள் அம்மா. இரவில் வெளியே போகவேண்டுமானால் என்னை எழுப்புவாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள். அந்தப் பிடி வலிக்கும். “தூக்கம் கெடுது, பாடம் இருக்கு” என்று நான் முணுமுணுப்பேன்.

குடி என்ற பேச்சை யார் தொடங்கியது என்று தெரியாது. அது எங்கள் வாசலுக்கு வந்தபோது நானும் அதை உள்ளே எடுத்துக்கொண்டேன். அம்மா இல்லாத நேரத்தில் அடுப்புக்குப் பின்னாலும் விறகுக்கு அடியிலும் போத்தல் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட மகள் நான்.

*

சிலுவைப்பாதைக்குப் பிறகு வேலை இல்லாததால், அம்மாவைப் பதுளைக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் அப்பா. “கசிப்பு மொதல்ல கண்ணத்தான் கெடுக்கும். கண்ணுல ஏதாச்சும்னா அதையும் சொல்லி மன்னிப்பு கேக்கலாம்” என்றார். ஹாலிஎல வரைக்கும் இறங்கி, பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் அம்மா. ரோட்டு வேலை நடப்பதால் பஸ் குழியில் விழுந்து விழுந்து போனது.

ஒரு கடையின் பெரிய பெயர்ப்பலகையைக் காட்டி, “அது என்னா கடை புள்ள?” என்று கேட்டாள் அம்மா.

“எழுதியிருக்கே.”

“நீ வாசியேன்.”

“ஏன், உனக்கு வாசிக்கத் தெரியாதா? சிலுவைப்பாதையில மட்டுந்தான் வருமா?”

நான் அப்படித்தான் பேசினேன்.  கொஞ்ச தூரத்தில் எதிரே லொறி வந்து பஸ் நின்றது. அம்மா வெளியே பார்த்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், தூரத்தில் இருந்த ஒரு சின்னப் பலகையை வாசித்தாள். “பழைய போத்தல், இரும்பு வாங்கப்படும்.” எனக்கே கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. பஸ் புறப்பட்டது. அடுத்த பலகை வந்தது. அம்மா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

“அம்மா, இப்ப அத வாசி.”

“முடியல.”

“ஏன்?”

“குதிக்கிது.”

“எது?”

“எல்லாந்தான்” என்றாள் அம்மா. ரொம்பச் சின்னக் குரலில், களவு எடுத்துப் பிடிபட்டவள் மாதிரி. “நான் நின்னா எல்லாம் நிக்கிது. நான் நடந்தா எல்லாம் நடக்குது. தேயில, மலை, ஆளுக மூஞ்சி, எல்லாம் குதிக்கிது. யாரு எதுக்க வாறாங்கன்னே தெரியாது. கழுத்த திருப்பினா கண்ணு பின்னாலதான் வந்து சேருது. கிறுகிறுப்பு இல்ல, மயக்கம் இல்ல. மலை ஆடுதுன்னு போய் யாருகிட்ட சொல்றது? அங்கொட பைத்திய ஆஸ்பத்திரிக்கி அனுப்பிருவாங்க.”

பஸ் நிலையத்தில் இறங்கினோம். அங்கே என்னோடு டியூஷன் படிக்கிற பிள்ளைகள் நின்றார்கள். அம்மா என் தோளைத் தேடிக் கையை நீட்டினாள். இவ்வளவும் கேட்ட பிறகும், நான் பார்க்காதவள் மாதிரி முன்னால் நடந்தேன். அம்மா கடைச் சுவர்களைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள்.

*

கண் கிளினிக்கில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். “கண்ணுல ஒரு கோளாறுமில்ல” என்று சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். வெளியே வந்திருப்போம். அடுத்த மேசையில் இருந்த இளம் டொக்டர், அம்மா எழும்பிச் சுவரைப் பிடித்ததைப் பார்த்துவிட்டார். மேசையில் றுமைஸா என்று பேர் எழுதியிருந்தது. முக்காடு போட்டிருந்தார். பாதி கடித்த பனிஸை இழுப்பறையில் வைத்தார்.

“கொஞ்சம் நில்லுங்க. ஏன் சுவத்தப் புடிக்கிறீங்க?”

 நான்தான் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். டொக்டர் அம்மாவை மறுபடியும் உட்காரவைத்து, பின்னால் நின்று, அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகக் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்.

“இப்ப வாசிங்க.”

கடைசி வரி வாசித்த அம்மா மேல் வரியில் திக்கினாள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய எழுத்தை மட்டும் சொன்னாள். அதையும் பிழையாகச் சொன்னாள்.

அடுத்து டொக்டர் முன்னால் வந்து, “என்ட மூக்கையே பாருங்க, பார்வைய எடுக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு அம்மாவின் தலையைச் சடக்கென்று கொஞ்சம் திருப்பினார். அம்மாவின் கண்கள் தலையோடு சேர்ந்து போய்விட்டன. பிறகுதான் ஒரு துள்ளுத் துள்ளி மூக்குக்குத் திரும்பி வந்தன. மற்றப் பக்கமும் அதேதான்.

“மகள், இங்க வாங்க.” என் தலையைத் திருப்பினார். என் கண்கள் அவருடைய மூக்கை விடவே இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே நின்றது. “ஒரு வெரல மூஞ்சிக்கு முன்னால புடிங்க. தலைய ஆட்டாம வெரல மட்டும் வேகமா ஆட்டுங்க. ரேகை தெரியுதா?”

“கலங்குது டொக்டர்.”

“இப்ப வெரல ஆட்டாம தலைய ஆட்டுங்க. அதே வேகத்துல.”

ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக நின்றது. நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அப்போதும் நின்றது.

“காதுக்குள்ள தண்ணி நெறஞ்ச சின்ன வளையங்கள் இருக்கு. தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புதெண்டு அது உடனே கண்ணுக்குச் சொல்லும். கண் அவ்வளவுக்கு மறுபக்கம் திரும்பிக்கும். நாம நெனைக்க முந்தியே நடந்து முடிஞ்சிரும். ஒவ்வொரு எட்டுக்கும் நம்ம தலை குலுங்குது, ஒலகம் குலுங்குறதில்ல. உங்கட அம்மாக்குக் குலுங்குது. காதுல இருந்து சொல்ற ஆள் இல்ல.”

“ஏன் டொக்டர்?”

ஊசி போட்டபோது ஆஸ்பத்திரியில் தந்த துண்டுச்சீட்டை வாங்கிப் பார்த்தார். “இந்த மருந்து இல்லாட்டி இவங்க இண்டைக்கு இங்க வந்திருக்க மாட்டாங்க. செல ஆக்களுக்கு அது இந்த எடத்தயும் தொட்டுரும்.” அம்மாவின் பக்கம் திரும்பினார். “போனது முழுசா வாறது கஷ்டம் அம்மா. பயிற்சி சொல்லித் தாறேன். சுவத்துல ஒரு எழுத்த ஒட்டிட்டு, அதயே பாத்துக்கிட்டு தலைய ஆட்டணும். கொஞ்சம் கொஞ்சமா பழகும். ஆனா ஈரம், இருட்டு, சரிவு, இது மூணும் ஒங்களுக்கு ஆபத்து.”

“எங்க தோட்டத்துல அது மூணையும் விட்டா வேற ஒண்ணுமில்லீங்க டொக்டர்” என்றாள் அம்மா.

டொக்டர் சிரிக்கப் போய், நிறுத்திக்கொண்டார். “சரிவுல வேல குடுக்க வேணாமெண்டு தோட்டத்துக்குக் கடிதம் ஒண்டு தாறேன்.”

“வேணாங்க.”

“ஏன்?”

“வேணாங்க டொக்டர். பயிற்சிய மட்டும் சொல்லுங்க.”

அம்மா குடிக்கவில்லை. ஒரு டொக்டரே காட்டிவிட்டார். எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

கீழே ரோட்டில் இறங்கி ஏற்றத்தில் நடந்தோம். மழைக்கு வானம் இடித்துக்கொண்டிருந்தது. கொழுந்துச் சாக்கோடு எதிரே இறங்கிய ரொஷானி அத்தை நின்றாள்.

“என்னா றோசாலி அக்கா, இன்னைக்கி நேரா நடக்குறீங்க? பதுளையில கடையெல்லாம் பூட்டா?”

“தொறந்துதான் இருந்துச்சு. உனக்கு ஒரு போத்தல் எடுத்தேன். வழியில நானே குடிச்சிட்டேன்.”

ரொஷானி அத்தை வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அம்மாவுக்கு அது யார் என்று குரலில்தான் தெரிந்திருக்கும். முகம் குதித்திருக்கும்.

“ஏன்ம்மா அப்பிடி சொல்ற? டொக்டர் சொன்னத சொல்ல வேண்டியதுதானே? நான் ஓடிப்போயி கங்காணி மாமாகிட்ட சொல்றேன். எல்லார் மூஞ்சியிலயும் கரி.”

அம்மா ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றால் அவளுக்கு என்னைத் தெரியும்.

“கீழ்ப்பிரிவுல வலிப்பு வந்த புள்ளய ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரி கடுதாசிய கொண்டு வந்து குடுத்துச்சு, பாவம், லேசான வேல குடுப்பாங்கன்னு. அன்னைக்கி பெரட்ட விட்டு எறங்கினதுதான். தோட்டத்துல லேசான வேலன்னு ஒண்ணு இருக்கா? ‘நோய் வருத்தக்காரிய மலைக்கி ஏத்தி, விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது’ன்னு தொரை கேட்டாராம். நியாயந்தானே? கிருபாகரனும் அதத்தான் சொல்லுவாரு. அவரு கெட்டவரு இல்ல.”

“அதுக்கு?”

“குடின்னா ஒரு ஞாயித்துக்கெழமையோட முடிஞ்சிரும். நோய் வருத்தம் முடியாதுல்ல?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன்.

“நீ குடிக்கவே இல்லையேம்மா! சிலுவைய தொட்டு பொய் சொல்லுவியா?”

“இனிமே தொட மாட்டேன்னு சொல்றது பொய்யில்லியே” என்று சொல்லி அம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “அப்பாகிட்டயும் சொல்லாத. அவருக்கு வாயில நிக்காது.”

“நீ மலையில விழுந்தா?”

“விழ மாட்டேன். நின்னு நின்னு எடுப்பேன். ஒரு செடிக்கிட்ட நிக்கிறப்ப எல்லாம் நல்லாத்தான் தெரியிது. அடுத்த செடிக்கி போறதுதான். அதப் பாத்துக்கிறேன்.”

ஒரு நாளைக்கு எத்தனை செடி என்று நான் கேட்கவில்லை.

*

இன்று அந்திக்குக் கிருபாகரன் மாமா வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பா பிளேன்டீ ஊற்றினார். அம்மா ரொட்டியும் சம்பலும் வைத்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்.

“கிளினிக்குல என்னா சொன்னாங்க?”

நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

“கண்ணு நல்லா இருக்காம் கங்காணி.”

“ம்.” அவர் ரொட்டியை மென்றார். “அப்ப நாளைக்கி?”

“வாறேன்.”

கிருபாகரன் மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“பொம்பள ஒருத்தி எழும்பி வாறது லேசில்ல றோசாலி. ஒனக்கு அந்தத் தைரியம் இருக்கு. நாளைக்கப்புறம் எவளாச்சும் வாயத் தொறந்தா, மெழுகுதிரி நான் வாங்குறேன் பாரு. திங்கக்கெழம மொத பேரு உன் பேருதான்.”

அப்பா மூக்கை உறிஞ்சினார். “நான் எத்தன தரம் போயிருக்கேன், மொத தரந்தான் கால் நடுங்கும்” என்றார். இரண்டு ஆம்பிளைகளும் என் அம்மாவைப் பெருமையாகப் பார்த்தார்கள், அவள் செய்யாத ஒன்றுக்காக.

விளக்கை அணைத்த பிறகு அம்மா பயிற்சி செய்தாள். இருட்டில் எழுத்துத் தெரியாது, செய்து பிரயோசனம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். சும்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். தலையணை உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

“கேஷானி, தூங்கிட்டியா?”

“இல்ல.”

“நம்ம பெஞ்சிலிருந்து பீடத்துக்கு கொஞ்சம் தூரந்தான். ஆனா தரை வழுக்கும். எல்லாரும் பாப்பாங்க. ஆடாம போகணும். ஆடுனேன்னு வையி, சத்தியம் பண்ண வந்த அன்னைக்கே குடிச்சிட்டு வந்துட்டான்னு சொல்லிருவாங்க. அதுக்கப்புறம் சத்தியமும் செல்லாது, மலையும் இல்ல.” அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தாள். “நீ என் கைய புடிச்சி கூட்டிட்டு போனின்னா ஆட மாட்டேன். மக கூட போறான்னுதான் நெனப்பாங்க.”

நான் தூங்கிவிட்ட மாதிரி கிடந்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவள் மூச்சு தூக்கத்து மூச்சாக மாறிவிட்டது.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால், திங்கட்கிழமை அந்த ஈரச் சரிவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவதும் நான்தான். பிடிக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், எல்லார் முன்னாலும் அவள் ஆடுவாள். எழும்பி நின்று உண்மையைச் சொன்னால், நாளைக்கே அவள் பேரை வெட்டுவார்கள். வெட்டினது நான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கூரைத் தகரத்தில் மழை தொடங்கிவிட்டது. பூசைக்கு மணி அடிக்கும்போது அம்மா பெஞ்சிலிருந்து எழும்பிக் கையை நீட்டுவாள். நான் என்ன செய்வேன்?